எந்த ஃபில்டர் எண்டு கேட்க முதல்

ட்ரோன் வாங்கின ஆக்களுக்கு முதல் கிழமையிலேயே வாற கேள்வி ஒண்டு இருக்கு: "எந்த என்டி ஃபில்டர் வாங்கிறது?" மறுமொழிக்குக் குறைவில்லை. நல்ல வெயிலுக்கு இந்த நம்பர், மப்புக்கு இந்த நம்பர், பின்னேரத்துக்கு இந்த நம்பர் எண்டு ஒரு அட்டவணை எல்லா இடமும் சுத்துது. அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வச்சுக்கொண்டு, ஆறோ எட்டோ கண்ணாடி உள்ள பெட்டி ஒண்டையும் ஓடர் பண்ணினால் விசயம் முடிஞ்சுது எண்டு நினைக்கிறம்.

அந்த அட்டவணைகளில எனக்கு இரண்டு பிரச்சினை. முதலாவது, அது யாரோ ஒருவருடைய கமராவுக்கும் யாரோ ஒருவருடைய ஊர் வெயிலுக்கும் போட்ட கணக்கு. இரண்டாவது கொஞ்சம் பெரிசு. எல்லா வீடியோவும் சினிமா மாதிரித்தான் இருக்கவேணும் என்ற முடிவை அந்த அட்டவணை எங்களைக் கேட்காமலே எங்களுக்காக எடுத்துவிடுகிறது.

ஃபில்டர் தெரிவு செய்வது மூன்று கேள்விக்குப் பிறகு வரவேண்டிய வேலை என்பதுதான் என்ர கருத்து. இந்த வீடியோ எதற்கு? எவ்வளவு உயரத்தில பறக்கப் போறம்? அந்த நேரம் வெளிச்சம் எப்படி? இந்த மூன்றையும் நேர்மையாகக் கேட்டால் கன நேரங்களில "ஃபில்டரே வேண்டாம்" எண்டுதான் மறுமொழி வரும். அதைச் சொல்ல முதல், இந்தக் கண்ணாடி என்ன செய்யுது எண்டு பார்த்துவிடுவம்.

கறுப்புக் கண்ணாடியின் வேலை

என்டி ஃபில்டர் என்பது நிறத்தை மாத்தாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கிற கண்ணாடி. வெயிலுக்கு நாங்கள் போடுற கறுப்புக் கண்ணாடியைக் கமராவுக்குப் போடுற மாதிரித்தான். அதிலுள்ள நம்பர், எத்தனையில் ஒரு பங்கு வெளிச்சம் உள்ளே போகும் என்பதைச் சொல்லுது. என்டி 8 எண்டால் 8 இல் ஒரு பங்கு. என்டி 64 எண்டால் 64 இல் ஒரு பங்கு. நம்பர் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் வெளிச்சம் பாதியாகும். இந்தப் பாதியாவதைத்தான் கமராக்காரர்கள் ஒரு ஸ்டொப் என்பார்கள். என்டி 8 என்பது 3 ஸ்டொப், 16 என்பது 4, 64 என்பது 6, 256 என்பது 8.

வெளிச்சத்தை ஏன் குறைக்கவேணும்? ஷட்டரை மெதுவாக்கத்தான். பழைய ஃபிலிம் கமராக்களில ஷட்டர் என்பது சுத்துகிற ஒரு வட்டத் தட்டு. பாதி திறந்திருக்கும், பாதி மூடியிருக்கும். செக்கனுக்கு 24 ஃபிரேம் ஓடினால் ஒவ்வொரு ஃபிரேமிலும் 1/48 செக்கன் வெளிச்சம் விழும். அந்த நேரத்துக்குள்ள வீசுற கையும் ஓடுற சைக்கிள் சில்லும் கொஞ்சம் இழுபட்டுப் பதியும். தலைமுறை தலைமுறையாகத் தியேட்டரில பார்த்துப் பழகின கண்ணுக்கு அந்த இழுபடல்தான் இயல்பான அசைவு. 180 பாகை விதி எண்டு சொல்லப்படுவது இதுதான்: ஃபிரேம் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கினால் வருகிற ஷட்டர். 25 ஃபிரேமுக்கு 1/50, 30 ஃபிரேமுக்கு 1/60, 60 ஃபிரேமுக்கு 1/120.

கையில பிடிக்கிற கமராவில வெயில் கூடினால் லென்ஸின் வாயைச் சுருக்கலாம். சின்ன ட்ரோன்கள் பெரும்பாலானவற்றில அது முடியாது. டிஜேஐ மினி 2 இன் லென்ஸ் எஃப் 2.8 இலேயே நிலையாக நிற்கும். மினி 3 ப்ரோவும் மினி 4 ப்ரோவும் எஃப் 1.7. மாவிக் 3 இன் பெரிய கமரா போன்ற சிலதில்தான் எஃப் 2.8 இலிருந்து 11 வரை மாத்த வசதி இருக்கு. ஐஎஸ்ஓவும் வழமையாக 100 க்குக் கீழே இறங்காது. அப்ப மிஞ்சுவது ஷட்டர் மட்டும்தான். நல்ல வெயிலில அது ஆயிரக்கணக்கில ஓடும். ஒவ்வொரு ஃபிரேமும் கத்தியால வெட்டின மாதிரிக் கூர்மையாக இருக்கும், ஆனால் அடுத்தடுத்து ஓடவிட்டால் அசைவு துடிதுடிக்கும். சூரியனை நோக்கிப் பறந்தால் இறக்கையின் நிழல் லென்ஸில விழுந்து படம் முழுக்கக் கோடு கோடாக ஓடுவதும் வேகமான ஷட்டரில்தான் பளிச்செண்டு தெரியும்.

எங்கட வெயிலுக்கு எங்கட கணக்கு

ஃபிலிம் காலத்து ஆக்கள் மீற்றர் இல்லாமலே படம் எடுக்க ஒரு விதி வச்சிருந்தவை. முழு வெயிலில, எஃப் 16, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100. இதை வச்சு ஒருக்காக் கணக்குப் பாருங்கோ.

எஃப் 2.8 லென்ஸில அதே வெயிலுக்கு ஷட்டர் 1/3200 அளவுக்குப் போகும். அதை 1/50 க்கு இறக்க 64 மடங்கு குறைக்கவேணும், அதாவது என்டி 64. எஃப் 1.7 லென்ஸ் எண்டால் ஷட்டர் 1/9000 க்குக் கிட்டப் போகும். 1/50 க்கு இறக்க ஏறக்குறைய 180 மடங்கு. என்டி 128 க்கும் 256 க்கும் நடுவில. மினி 3 ப்ரோவுக்கு டிஜேஐ விக்கிற செற்றில 16, 64, 256 எண்டு மூன்று இருக்கிறது ஏன் எண்டு இப்ப விளங்கும். "நல்ல வெயிலுக்கு என்டி 32" எண்டு சொல்லுற அட்டவணையும் பொய் இல்லை. எஃப் 2.8 லென்ஸில 60 ஃபிரேம் எடுக்கிற ஒருவருக்கு அது சரி. உங்கட கையில இருக்கிறது எஃப் 1.7, எடுக்கிறது 25 ஃபிரேம் எண்டால் அதே அட்டவணை இரண்டரை ஸ்டொப் பிழைக்கும்.

மற்ற வெளிச்சங்களுக்கு வானத்தைப் பார்க்க வேண்டாம், நிலத்தில விழுகிற நிழலைப் பாருங்கோ. எஃப் 2.8 லென்ஸ், 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் எண்டு வச்சால்:

நிழலின் விளிம்பு கூராக இருந்தால் என்டி 64.
நிழல் இருக்கு, விளிம்பு கரைஞ்சு போயிருக்கு எண்டால் என்டி 32.
நிழலே விழவில்லை, ஆனால் வானம் வெள்ளையாக இருக்கு எண்டால் என்டி 16.
மழை வரப்போற கறுத்த மப்பு எண்டால் என்டி 8.
சூரியன் அடிவானத்துக்கு வந்திட்டுது எண்டால் என்டி 4.

எஃப் 1.7 காரர்கள் எல்லாத்திலயும் ஒண்டரை ஸ்டொப் கூட்டிக்கொள்ளவேணும். மணற்காட்டு மணல்மேடு, காரைநகர் கசூரினா கடற்கரை, ஆனையிறவு உப்பளம் மாதிரி வெள்ளை நிலங்களில இன்னொரு ஸ்டொப் கூடலாம், ஏனெண்டால் கீழே இருந்தும் வெளிச்சம் திரும்பி வருது. நிழல் பார்த்துப் போடுற இந்தக் கணக்குக்கு அட்டவணையும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம்.

எங்கட வானத்தில இன்னும் இரண்டு விசயம் இருக்கு. வெளிநாட்டு வீடியோக்கள் இதைச் சொல்லித்தராது, அவைக்கு அது தேவையுமில்லை.

ஒண்டு உச்சி வெயில். ஒவ்வொரு வருசமும் ஏப்ரல் முதல் பாதியில சூரியன் இலங்கைக்கு நேர் மேலே வருது எண்டு வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிக்கும். தெற்கில தொடங்கி ஏப்ரல் நடுப்பகுதியில யாழ்ப்பாணத்தைக் கடக்கும். ஓகஸ்ட் கடைசியில திரும்பவும் ஒருமுறை வரும். அந்த நாட்களின் மத்தியானத்தில பனைமரத்தின் நிழல் அதன் காலடிக்குள்ளேயே சுருண்டு போயிடும். மேலே இருந்து பார்த்தால் மரம் எது, நிலம் எது எண்டு பிரிச்சுக் காட்ட ஒண்டும் இல்லை. காலமை எட்டு மணிக்கு அதே தோப்பை எடுத்தால் ஒவ்வொரு பனைக்கும் ஒரு நீண்ட நிழல் தரையில கிடக்கும். என்டி 256 போட்டாலும் மத்தியானத்தை எட்டு மணியாக்க ஏலாது. ஃபில்டர் வெளிச்சத்தின் அளவைத்தான் மாத்தும், அது வாற திசையை மாத்தாது. "என்டி போட்டும் படம் தட்டையாக் கிடக்கு" எண்டு குறைப்படுகிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

மற்றது பின்னேரம். ஐரோப்பிய வீடியோக்களில பொன் வெளிச்சம் மணித்தியாலக் கணக்கில நிக்கும். சூரியன் அங்கே சாய்ஞ்சு சாய்ஞ்சு இறங்குது. எங்கட பக்கம் அது கிட்டத்தட்ட நேர் கீழே விழுது. நாலு நிமிசத்துக்கு ஒரு பாகை. ஒரு பற்றரி முடியிறதுக்குள்ளேயே வெளிச்சம் பல ஸ்டொப் இறங்கிவிடும். நடுவில ட்ரோனை இறக்கி ஃபில்டர் மாத்தினால் நீங்கள் காத்திருந்த நிறம் போயிடும். ஆகவே பின்னேரத்தில இப்ப இருக்கிற வெளிச்சத்துக்கு ஃபில்டர் போடாதேங்கோ. 10 நிமிசத்துக்குப் பிறகு வரப்போற வெளிச்சத்துக்குப் போடுங்கோ. தொடக்கத்தில ஷட்டர் 1/200 இல ஓடும், பிறகு தானாக 1/50 க்கு இறங்கி வரும்.

ஐமிச்சம் எண்டால் மெல்லிய ஃபில்டர். இதை நான் எல்லா வெளிச்சத்துக்கும் சொல்லுவன். 1/50 க்குப் பதிலாக 1/100 ஓடினதால ஒரு வீடியோவும் கெட்டதில்லை. பார்க்கிற ஆக்களில நூற்றுக்கு ஒருவருக்கும் அது தெரியாது. ஆனால் தடிப்பான ஃபில்டர் போட்டு ஐஎஸ்ஓ 800 க்கு ஏறினால், சின்ன சென்சரில இருட்டுப் பகுதி முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பொரியும். எடிட்டிங்கில அதைத் திருத்தப் போனால் பனை ஓலை மெழுகு மாதிரி ஆகும்.

உயரம் சொல்லுற உண்மை

இப்ப இரண்டாவது கேள்விக்கு வருவம். இழுபடல் எவ்வளவு தெரியும் என்பது ஷட்டரில மட்டும் தங்கியில்லை. கமராவுக்கும் பொருளுக்கும் எவ்வளவு தூரம் என்பதில கூடுதலாகத் தங்கியிருக்கு.

100 மீற்றர் உயரத்தில, கமராவை நேர் கீழே பார்க்க வச்சு, செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில பறக்கிறம் எண்டு வையுங்கோ. சாதாரண ட்ரோன் லென்ஸில அந்த உயரத்தில இருந்து ஏறக்குறைய 150 மீற்றர் அகலமான நிலம் தெரியும். 4கே வீடியோவில அது 3840 பிக்சல். 1/50 செக்கனுக்குள்ள ட்ரோன் 20 சென்ரிமீற்றர் நகரும். படத்தில அது 5 பிக்சல். போனில பார்க்கிற ஆருக்கும் அந்த 5 பிக்சல் தெரியப்போறதில்லை. அதே வேகத்தில 5 மீற்றர் உயரத்தில பறந்தால் தெரியிற நிலம் ஏழரை மீற்றர் அகலம்தான். அதே 20 சென்ரிமீற்றர் இப்ப 100 பிக்சலுக்கு மேல. இங்கதான் என்டி தன்ர வேலையைக் காட்டும்.

அதாவது, உயரத்தில நிண்டு வயலையோ ஊரையோ காட்டுற ஷொட்டுக்கு, அசைவைப் பொறுத்தமட்டில், என்டி 16 போட்டாலும் 64 போட்டாலும் பெரிய வித்தியாசமில்லை. படம் வெளிறாமல் இருக்கிற அளவுக்கு வெளிச்சத்தைக் குறைச்சால் போதும். பனங்கூடலுக்குள்ளால, வள்ளத்துக்குப் பக்கத்தால, வரம்போடு வரம்பாகத் தாழ்ந்து ஓடுற ஷொட்டுக்குத்தான் கணக்குப் பார்த்துப் போடவேணும். எங்கட ரீல்களில பெரும்பகுதி உயரத்தில இருந்து எடுத்தவை. அதற்காகவா எட்டு ஃபில்டர்?

தாழப் பறக்கிறதைப் பற்றி இன்னொண்டையும் இந்த இடத்திலேயே சொல்லவேணும். வன்னியில யுத்த காலத்தில வேவு விமானத்துக்குச் சனம் வச்ச பேர் "வண்டு". அந்த இரைச்சலுக்குப் பிறகு என்ன வரும் எண்டு தெரிஞ்ச ஆக்கள் இண்டைக்கும் அந்த ஊர்களில இருக்கினம். ஃபில்டர் தன் வேலையைக் காட்டுற ஷொட்டுகள்தான் ஒரு அம்மாவின்ர முற்றத்துக்கு மேல இரைஞ்சுகொண்டு போற ஷொட்டுகளும். சிவில் விமானச் சேவைகள் அதிகார சபையின் அனுமதி ஒருபக்கம், 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு ட்ரோன்களுக்குத் தடை வந்ததும் எல்லாருக்கும் தெரியும். சட்டம் கேட்காத அனுமதி ஒண்டும் இருக்கு. "அம்மா, பத்து நிமிசம் இதைப் பறக்கவிடுறம், கமரா மட்டும்தான்" எண்டு படலையில போய்ச் சொல்லிவிட்டு வாறது. வேண்டாம் எண்டால் வேண்டாம்தான்.

ஃபில்டரைக் கழட்டவேண்டிய நேரம்

முதலாவது கேள்வியைக் கடைசிக்கு வச்சிருந்தன்: இந்த வீடியோ எதற்கு?

கலியாண வீடியோ, பாட்டு, குறும்படம் எண்டால் இழுபடல் அழகு. போடுங்கோ. ஆனால் எங்கட மண்ணில ட்ரோனுக்கு வேறு வேலையும் இருக்கு. ஒலுவிலில துறைமுகம் கட்டினதுக்குப் பிறகு கரை எப்படிக் கடலுக்குள்ள போச்சுது எண்டது அந்த ஊர்ச் சனத்துக்குத் தெரியும். மண் அகழுற இடங்களில ஆற்றங்கரை வருசா வருசம் எப்படி மாறுது எண்டது அந்தந்த ஊருக்குத் தெரியும். தூர்ந்து போற குளம், அடைபட்டுப் போற வாய்க்கால், மழைக்குப் பிறகு வெள்ளம் நிக்கிற இடம் எல்லாத்தையும் ஒரே இடத்தில நிண்டு வருசத்துக்கு ஒருக்கா எடுத்து வச்சால் அது வெறும் வீடியோ இல்லை. அது பதிவு. நாளைக்கு ஒரு கூட்டத்தில, ஒரு வழக்கில, ஒரு கட்டுரையில எடுத்துக் காட்டக்கூடிய சாட்சி.

அந்த வேலைக்கு இழுபடல் எதிரி. அந்த வீடியோவை ஆரும் ஓடவிட்டு ரசிக்கப்போறதில்லை. நிறுத்தி, ஒரு ஃபிரேமை வெளியில எடுத்து, பெரிசாக்கித்தான் பார்ப்பினம். வேலி எங்க தொடங்குது, டிப்பர் எத்தனை நிக்குது, கரையில இருந்து தென்னை எவ்வளவு தூரம் எண்டுதான் பார்ப்பினம். 1/50 இல, காத்து ஒருக்கா உலுப்பினால் அந்த விபரம் போயிடும். 1/1000 இல போகாது. அப்படியான நாளில என்டியைக் கழட்டிவிட்டு, அல்லது படம் வெளிறாமல் இருக்க மட்டும் மெல்லிசாக ஒண்டைப் போட்டுக்கொண்டு, ஷட்டரை வேகமாக வையுங்கோ. மெதுவாகப் பறக்கவிடுங்கோ. வைட் பலன்ஸையும் பூட்டிவிடுங்கோ. அழகில்லாத வீடியோ வரும். பத்து வருசத்துக்குப் பிறகு அதன் பெறுமதி அண்டைக்கு எடுத்த ரீலை விடக் கூடவாக இருக்கும். பல படங்களை ஒட்டி வரைபடம் செய்யிற ஆக்களும் இதைத்தான் கேட்பினம்: கூர்மை, கூர்மை, கூர்மை.

இரவும் கழட்டவேண்டிய நேரம்தான். சப்பரத்தின் மின்விளக்குகளை, சனத்துக்கு மேல போகாமல் பக்கத்தில நிண்டு எடுக்கிறீர்கள் எண்டு வையுங்கோ. லென்ஸுக்கு முன்னால ஒரு கண்ணாடி கூட இருந்தால் ஒவ்வொரு பல்புக்கும் ஒரு பேய் பல்ப் படத்தில தெரியும். இன்னொரு விசயம், எங்கட மின்சாரம் 50 ஹேட்ஸ். மலிவான பல்புகள் செக்கனுக்கு 100 தரம் மினுங்கும். 1/50 அல்லது 1/100 ஷட்டரில அந்த மினுக்கம் தெரியாது. அமெரிக்காவில மின்சாரம் 60 ஹேட்ஸ் எண்டபடியால் அங்கத்தைய ஆக்கள் 30 ஃபிரேம், 1/60 எண்டு சொல்லித் தருவினம். அதை அப்படியே இங்க கொண்டுவந்தால் திருவிழா முழுக்க விளக்குத் துடிக்கும். 25 ஃபிரேம், 1/50 எண்டு வச்சால் பிரச்சினை இல்லை. இது ஃபில்டர் விசயம் இல்லைத்தான். ஆனால் இரவல் அட்டவணையால வாற இன்னொரு வினை.

கடலின் நிறம்

பெட்டிகளில என்டிக்குப் பக்கத்தில போலரைசர் ஒண்டும் வரும். என்டி-பிஎல் எண்டு இரண்டையும் சேர்த்தும் விப்பினம். தண்ணியில, ஓலையில, தகரக் கூரைக்குப் பூசின பெயின்ரில பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்தை இது வடிகட்டும். ஒண்டிலிருந்து இரண்டு ஸ்டொப் வெளிச்சத்தையும் குறைக்கும்.

பண்ணைக் கடல் மாதிரி ஆழமில்லாத தண்ணியில இது செய்யிற மாயம் பெரிசு. மேல்பூச்சு மாதிரி இருந்த மினுக்கம் விலகி, அடியில கிடக்கிற மணலும் சாதாழையும் தெரியும். ஆனால் இதுக்கு ஒரு கோணம் இருக்கு. தண்ணியின் மேற்பரப்புக்கு 37 பாகை அளவில சரிச்சுப் பார்க்கேக்கதான் அது முழுசாக வேலை செய்யும். நேர் கீழே பார்த்தால் ஒண்டும் நடக்காது. உச்சி வெயிலில நேர் கீழே பார்த்தால் சூரியனே தண்ணியில இருந்து கமராவுக்குள்ள குத்தும், போலரைசர் அதைத் தடுக்காது. நிலத்தில நிக்கிற கமராவில ஃபில்டரைச் சுத்திச் சரிப்படுத்தலாம். ட்ரோனில பறக்க முதல் வச்சது வச்சதுதான். பறந்துகொண்டு திரும்பினால் கடலின் நிறம் நடுவழியில மாறும். வானமும் ஒரு பக்கம் கறுத்து ஒரு பக்கம் வெளிறிக் கிடக்கும். அதனால ஒரே திசையில நேராகப் போற ஷொட்டுக்கு மட்டும் பாவியுங்கோ. சுத்திச் சுத்தி எடுக்கிற ஷொட்டுக்கு வேண்டாம்.

போலரைசர் பொய் சொல்லுது எண்டு நான் சொல்லமாட்டன். அடியில மணல் இருக்கிறது உண்மை. ஆனால் எங்கட கடலை எல்லாம் மாலைதீவு நிறத்துக்குக் கொண்டுவாற ஒரு போட்டி நடக்குது. அதில எனக்கு உடன்பாடில்லை. காத்து அடிக்கேக்க கடல் மினுங்கும். மாரியில கலங்கும். அந்த மினுக்கத்தையும் கலங்கலையும் பார்த்துத்தான் தொழிலுக்குப் போறவை கடலை வாசிக்கினம். சுற்றுலா விளம்பரம் எடுக்கிறவர் அதை வடிகட்டட்டும், அது அவருக்குத் தொழில். தன் ஊரைக் காட்டப் போற ஒருவர் ஏன் வடிகட்டவேணும் எண்டு ஒருக்கா யோசிக்கலாம்.

காசும் கண்ணாடியும்

2022 இல டொலர் 200 ரூபாய் அளவில இருந்து 360 க்குப் போனதுக்குப் பிறகு, வெளியில இருந்து வாற ஒவ்வொரு கண்ணாடித் துண்டும் எங்களுக்குச் சம்பளக் கணக்கு. அதனால சொல்லுறன்: மூன்று போதும். எஃப் 2.8 எண்டால் 8, 16, 64. எஃப் 1.7 எண்டால் 16, 64, 256. இடையில வாறதை ஷட்டர் பார்த்துக்கொள்ளும். மிச்சக் காசுக்கு இன்னொரு பற்றரி வாங்குங்கோ. காலமை எட்டு மணி வெளிச்சத்தில இன்னும் அரை மணித்தியாலம் பறக்கிறது எட்டு ஃபில்டரை விட உங்கட வீடியோவை மாத்தும்.

மலிவுப் பெட்டி எல்லாம் கூடாது எண்டும் இல்லை. வாங்கினவுடன ஒரு வெள்ளைத் தாளை வெயிலில வச்சு, வைட் பலன்ஸைப் பூட்டிவிட்டு, ஃபில்டரோடயும் இல்லாமலும் எடுத்துப் பாருங்கோ. தாள் றோஸாகவோ பச்சையாகவோ மாறினால் அது நிறம் மாத்துற கண்ணாடி. தடிப்பான என்டிகளில இந்தப் பிரச்சினை கூட. உங்கட மொடலுக்கெண்டு செய்ததையே வாங்குங்கோ, பாரம் கூடினால் கிம்பல் திணறும். ஃபில்டரைப் போட்டபிறகு ட்ரோனை ஒன் பண்ணுங்கோ, ஒன் பண்ணினபிறகு போடாதேங்கோ. கடற்கரையில பறந்தால் வீட்ட வந்ததும் துடையுங்கோ. உப்புப் படிஞ்ச கண்ணாடி எந்த நம்பர் எண்டாலும் ஒண்டுதான்.

எங்கட கூட்டுக்கு ஒரு யோசனையோட முடிக்கிறன். ட்ரோன் வச்சிருக்கிற நாலைஞ்சு பேர் எங்களுக்குள்ளேயே இருக்கிறம். ஒவ்வொருமுறை பறக்கேக்கயும் ஒரு வரி எழுதி வைப்பம்: இடம், மாதம், நேரம், நிழல் எப்படி, என்ன கமரா, என்ன ஃபில்டர், ஷட்டர் எவ்வளவில நிண்டது, எதற்காக எடுத்தது. மாரியும் கோடையும் ஒருக்கா வந்து போனால் எங்களிடமும் ஒரு அட்டவணை இருக்கும். மணற்காட்டு மணலுக்கும் ஆனையிறவு உப்புக்கும் வன்னி மப்புக்கும் போட்டது. அடுத்ததாக ட்ரோன் வாங்கி வாற தம்பியோ தங்கச்சியோ "எந்த ஃபில்டர்?" எண்டு கேட்டால், அதைக் கையில குடுத்து, "நீங்கள் என்ன எடுக்கப் போறீங்கள்?" எண்டு திருப்பிக் கேட்கலாம்.